வயசாயிடுச்சுன்னு உட்கார வைக்காதீர்கள்!

உங்கள் அப்பாவை ஒரு நிமிடம் மனதில் கொண்டு வாருங்கள். அல்லது அம்மாவை, மாமியாரை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்தவர். இப்போது? சோபாவிலிருந்து எழுந்திருக்கக் கைப்பிடியை அழுத்திப் பிடித்து, ‘முருகா’ என்று ஒரு பெருமூச்சு விட்டு, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்திருக்கிறார். வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. மோதிரம் விரலில் சுழல்கிறது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

கேட்டால், வீட்டில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறோம். “வயசாயிடுச்சு இல்லையா... அப்படித்தான் இருக்கும்.”

அங்கேதான் தப்பு செய்கிறோம்!

வயசு ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை. மீதிக் காரணம் நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது. ‘நீங்க உட்காருங்கப்பா, நான் பார்த்துக்கறேன்’ என்று நாம் பாசத்தோடு சொல்கிற வார்த்தையிலும் இருக்கிறது. இந்த இரண்டையும் திருத்த முடியும். 70 வயதில் முடியும். 90 வயதிலும் முடியும்! எப்படி என்று பார்ப்போம்.

சதை எங்கே போகிறது?

நம் உடம்பில் சதை, அதாவது தசை, தினமும் கொஞ்சம் கரைகிறது, தினமும் கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. இளமையில் இரண்டும் சமம். நாற்பதைத் தாண்டினால் கரைவது ஒரு கை ஓங்குகிறது. ஒவ்வொரு 10 வருடத்துக்கும் சுமார் 8 சதவிகிதம் வரை தசை குறையலாம். எழுபதுக்குப் பிறகு இந்த வேகம் இன்னும் கூடும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், சதை குறைகிற வேகத்தைவிட பலம் குறைகிற வேகம் அதிகம்.

இதற்கு ‘சார்க்கோபீனியா’ என்று பெயர். கிரேக்க மொழியில் ‘சார்க்ஸ்’ என்றால் சதை, ‘பீனியா’ என்றால் பற்றாக்குறை. அமெரிக்க சத்துணவு நிபுணர் இர்வின் ரோஸன்பெர்க் 1989-ல் வைத்த பெயர் இது. அதுவரை, முதுமையில் சதை வற்றுவதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றுகூட மருத்துவ உலகம் பெரிதாக நினைக்கவில்லை. 2016-ல் அமெரிக்காவில் நோய்களின் பட்டியலில் இதற்கெனத் தனிக் குறியீடே கொடுத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆகிறது? எளிமையாகச் சொன்னால், வயதான தசைக்குக் காது கொஞ்சம் மந்தம்! இளைஞன் சாப்பிடும் சாப்பாட்டில் கொஞ்சம் புரோட்டீன் இருந்தாலே போதும். ‘கட்டு’ என்ற உத்தரவு தசைக்குக் கேட்டுவிடும். பெரியவரின் தசைக்கு அதே உத்தரவை உரக்கச் சொல்ல வேண்டும். உரக்கச் சொல்ல இரண்டே வழிகள். ஒன்று, ஒரு வேளைச் சாப்பாட்டில் கூடுதல் புரோட்டீன். இன்னொன்று, தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சி. இரண்டும் சேர்ந்தால்தான் நன்றாகக் கேட்கும்.

நாம் என்ன செய்கிறோம்? ‘வயசான காலத்துல ஜீரணம் ஆகாது’ என்று பருப்பையும் சுண்டலையும் குறைத்து, ரசம் சாதமும் கஞ்சியும் கொடுக்கிறோம். ‘விழுந்துடப் போறீங்க’ என்று உட்கார வைக்கிறோம். இரண்டு உத்தரவுகளையும் நாமே நிறுத்திவிடுகிறோம்!

‘சதைதானே, போனால் என்ன?’

அழகுக்காக இதைச் சொல்லவில்லை. தொடைச் சதை போனால் கால் இடறும்போது சமாளிக்க முடியாது. இரவில் பாத்ரூமில் ஒரு வழுக்கல், இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன், படுக்கை... இந்த வரிசை எத்தனையோ குடும்பங்களுக்குத் தெரிந்த கதை.

படுத்தால் இன்னும் மோசம். ஆரோக்கியமாக இருந்த 12 முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்க வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2007-ல் அதன் முடிவு வெளியானது. அந்தப் பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் சராசரியாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது! நோய் ஒன்றும் இல்லாமல், வெறுமனே படுத்ததற்கே இந்தக் கதி. வைரல் காய்ச்சல் என்று பத்து நாள் படுத்து எழுந்த பெரியவர் ஏன் பழைய ஆளாக ஆகவில்லை என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்று. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சுருங்கினால் சர்க்கரை எங்கே போகும்? ரத்தத்திலேயே நிற்கும். ஆகவே சர்க்கரை நோய் உள்ள வீடுகளில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

‘எங்கம்மா குண்டாத்தானே இருக்காங்க’ என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வெளியே கொழுப்பு மூடியிருக்க, உள்ளே சதை வற்றிப்போவதும் உண்டு. தராசு இதைக் காட்டிக் கொடுக்காது.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

ஆசிய நாடுகளின் நிபுணர் குழு ஒன்று 2019-ல் நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களுக்காக அளவுகளை வகுத்தது. அவற்றில் சிலவற்றை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

1. நாற்காலிச் சோதனை: கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கால் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

2. நடைச் சோதனை: ஹாலில் 6 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். வழக்கமான நடையில் நடக்கட்டும். 6 விநாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும்.

3. ஆடுசதைச் சோதனை: முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் சதையின் பருத்த பகுதியைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஆணுக்கு 34 செ.மீ., பெண்ணுக்கு 33 செ.மீ. கீழே இருந்தால் எச்சரிக்கை. கால் வீக்கம் உள்ளவர்களுக்கு இந்த அளவு சரியாக வராது.

இவற்றில் தோற்றால் பயப்பட வேண்டாம். ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டு வேலையை ஆரம்பிக்க வேண்டியதுதான். ஆனால் 60 கிலோ இருந்தவர் காரணமே தெரியாமல் ஆறு மாதத்தில் 3 கிலோவோ அதற்கு மேலோ இளைத்தால் அதை ‘வயசு’ என்று விட்டுவிடக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, காச நோய், புற்று நோய், மனச்சோர்வு... எதுவாகவும் இருக்கலாம். உடனே பரிசோதனை தேவை.

90 வயதில் பளு தூக்கினார்கள்!

‘இனிமேல் போய் எக்ஸர்சைஸா?’ என்று சிரிப்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே இருந்த பத்துப் பேர், சராசரி வயது 90, கால் தசைக்கான பளுப் பயிற்சியை எட்டு வாரம் செய்தார்கள். டாக்டர் மரியா ஃபியாடரோன் குழுவினர் 1990-ல் வெளியிட்ட முடிவு மருத்துவர்களையே நிமிர்ந்து உட்கார வைத்தது. கால் பலம் சராசரியாக 174 சதவிகிதம் கூடியிருந்தது! இரண்டு பேர் கைத்தடியையே விட்டுவிட்டார்கள். பயிற்சியை நிறுத்தி நாலு வாரம் ஆனதும் கிடைத்த பலத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே குழு 1994-ல் 100 பேரை வைத்து இன்னொரு கேள்விக்கு விடை தேடியது. ‘சத்து பானம் மட்டும் கொடுத்தால் போதாதா?’ போதவில்லை! பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. பயிற்சி இல்லாமல் பானம் மட்டும் குடித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை. மாதாமாதம் டப்பா டப்பாவாகச் சத்து மாவும் டானிக்கும் வாங்கிக் கொடுத்து, கூடவே நாற்காலியிலும் உட்கார வைக்கிற நமக்காகவே செய்த ஆராய்ச்சி மாதிரி இல்லை?

ஆறு பயிற்சிகள்... செலவு இல்லை

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள். நடுவில் ஒரு நாள் ஓய்வு. ஓய்விலும்தான் சதை கட்டப்படுகிறது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை. கொஞ்சம் இளைப்பாறி இன்னொரு சுற்று. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நாற்காலி எழுச்சி: ஆடாத மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கொஞ்சம் முன்னால் குனிந்து எழுந்து நிற்க வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணி மெதுவாக. முடியாதவர்கள் உட்காரும் இடத்தில் கெட்டித் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம்; கையையும் ஊன்றலாம். எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். டாய்லெட்டிலிருந்து தானே எழுந்து வருவது இந்தப் பலத்தால்தான்.

குதிகால் தூக்கல்: சமையல் மேடையையோ ஜன்னல் கம்பியையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மெதுவாக இறக்க வேண்டும்.

சுவர்த் தண்டால்: சுவரிலிருந்து ஒரு கை நீளம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் திரும்ப வேண்டும். தரை உலர்ந்திருக்கட்டும்.

கால் நீட்டல்: நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, மூன்று எண்ணி, இறக்க வேண்டும். பழகிய பிறகு கணுக்காலில் அரை கிலோ அரிசி போட்ட துணிப்பையைக் கட்டிக்கொள்ளலாம்.

பாட்டில் தூக்கல்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ கனம். பாதி நிரப்பி ஆரம்பியுங்கள். முழங்கையை மடக்கித் தோள்வரை தூக்கி இறக்க வேண்டும். வாரம் போகப் போகத் தண்ணீரைக் கூட்டுங்கள்.

ஒற்றைக் கால் நிற்றல்: மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். பிறகு மற்றக் கால். இது விழாமல் இருக்கப் பழக்கும் பயிற்சி. தினமும் செய்யலாம்.

மூன்று விதிகளை மறக்காதீர்கள். முதல் விதி, கடைசி இரண்டு தடவை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். 12 தடவை சுலபமாக வந்துவிட்டால் பளுவைக் கூட்டுங்கள். கஷ்டமே இல்லாமல் செய்தால் சதைக்கு உத்தரவு போகாது! இரண்டாவது, மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும். ‘ஒண்ணு, ரெண்டு’ என்று வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாகப் போய் வரும். மூன்றாவது, நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி, டாக்டரைப் பார்க்க வேண்டும். இதய நோய், கட்டுக்குள் வராத பிரஷர், சமீபத்தில் ஆபரேஷன் அல்லது எலும்பு முறிவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

தட்டில் என்ன குறைகிறது?

ஒரு சராசரி சைவ வீட்டுப் பெரியவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலையில் மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார்: சுமார் 9 கிராம் புரோட்டீன். மதியம் ரசம் சாதம், மோர் சாதம்: சுமார் 8. ராத்திரி இரண்டு இட்லியோ கஞ்சியோ: 4. இரண்டு வேளை காபியில் உள்ள பால்: 5. கூட்டினால் 30 கிராமைத் தாண்டவில்லை.

தேவை எவ்வளவு? நம் நாட்டில் 2020-ல் வகுத்த அளவுப்படி, பெரியவர்கள் எல்லோருக்குமே ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று சர்வதேச நிபுணர் குழு 2013-ல் சொன்னது. அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். நாம் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை!

அதே பெரியவருக்கு இப்படி மாற்றிப் பாருங்கள்:

காலை எழுந்ததும் ஒரு டம்ளர் பால் அல்லது பால் அதிகமாக விட்ட காபி: 6 கிராம்.

டிபன், இரண்டு அடை அல்லது பாசிப்பயறு தோசை: சுமார் 12.

11 மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு டம்ளர் மோர்: 8 அல்லது 9.

மதியம் சாதத்தைக் கொஞ்சம் குறைத்து, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், கீரை, கெட்டித் தயிர் ஒரு கிண்ணம்: சுமார் 20.

மாலை ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 9.

ராத்திரி இரண்டு சப்பாத்தி, 50 கிராம் பன்னீர் போட்ட குருமா: 14.

கூட்டினால் கிட்டத்தட்ட 70 கிராம். எதுவும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை, எல்லாம் நம் மளிகைக் கடையில் கிடைப்பவை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனிலோ கோழிக்கறியிலோ சுமார் 20 கிராம். எண்ணெயில் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

ஒரே வேளையில் மொத்தத்தையும் கொட்டாமல், மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். முக்கியமாக, ‘ராத்திரிக்குப் பாலும் பழமும் போதும்’ என்பதை மறு பரிசீலனை செய்யுங்கள்.

பல் இல்லையா? சுண்டலைக் குழைய வேக வைத்து மசித்துக் கொடுங்கள். பொட்டுக்கடலையைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து விடுங்கள். பல் செட் சரியாகப் பொருந்தாததால் சாப்பாட்டையே குறைத்துக்கொண்டு, வெளியில் சொல்லாமல் இருக்கும் பெரியவர்கள் நிறையப் பேர். ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வெயில் கொளுத்தும் நம் ஊரிலேயே வைட்டமின் டி குறைவு சகஜம். தசைக்கு அதுவும் தேவை. ரத்தப் பரிசோதனையில் பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் மட்டும் மாத்திரை எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாரா வாரம் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வேறு தொல்லை வரும்.

நீங்கள் கேட்கக் கூடியவை

“அப்பா தினமும் வாக்கிங் போறாரே, அது போதாதா?”

வாக்கிங் இதயத்துக்கு நல்லது, நிறுத்த வேண்டாம். ஆனால் சதையைக் கட்ட அது மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு நாளாவது பளுப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது.

“அம்மாவுக்கு முழங்கால் வலி. எப்படிச் செய்வாங்க?”

தேய்மானத்தால் வரும் வலி என்றால், தொடைச் சதை பலமானால் மூட்டின் சுமை குறையும். வலியும் பலருக்குக் குறைகிறது. வலிக்காத உயரத்தில், கால் நீட்டலில் ஆரம்பியுங்கள். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் முதலில் டாக்டர்.

“சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கறார்...”

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் வேண்டாம். பக்கத்தில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

“கிட்னியில கொஞ்சம் கோளாறுன்னு சொன்னாங்க. பருப்பு, முட்டை கொடுக்கலாமா?”

இந்த ஒரு விஷயத்தில் நீங்களாக முடிவெடுக்கக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் புரோட்டீன் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பயிற்சியைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

“எத்தனை நாளில் தெரியும்?”

இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். முதல் நாள் நாற்காலிச் சோதனைக்கு எத்தனை விநாடி ஆனது என்று காலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு தடவை மறுபடி பாருங்கள். விநாடி குறைந்தால் அதைவிடப் பெரிய டானிக் அவருக்கு வேறு இல்லை!

கடைசியாக ஒன்று...

பெரியவர்கள் வெளியில் சொல்லாத பயம் ஒன்று உண்டு. ‘ஒரு நாள் இதுக்கும் அடுத்தவங்க கையை எதிர்பார்க்க வேண்டி வந்துடுமோ’ என்று பாத்ரூம் கதவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அந்த நாளைத் தள்ளிப் போட நம்மால் முடியும்.

பாத்ரூமில் ஒரு கைப்பிடி போட்டுக் கொடுங்கள். ராத்திரியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இப்படித்தான். உட்கார வைத்து அல்ல.

செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, துணி மடித்து வைப்பது, கடைக்குப் போய்க் கறிவேப்பிலை வாங்கி வருவது... அவரால் முடிந்த வேலைகளைப் பிடுங்காதீர்கள். மெதுவாகத்தான் செய்வார். செய்யட்டும்.

நாளைக் காலையில் காபி டம்ளரை அவர் நாற்காலிக்குக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். “காபி ஆறுது, இங்க வாங்கப்பா” என்று சமையலறையிலிருந்து கூப்பிடுங்கள். எழுந்து வரட்டும். வந்தவரை அங்கேயே நிறுத்தி, மேடையைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். கூடவே நீங்களும் தூக்குங்கள். உங்களுக்கும் நாற்பது தாண்டியிருக்குமே!